லென்ஸுக்கு அடியில் தேங்கிய கண்ணீர்

என் நாக்கு ஓர் அணியிலும் என் கண்கள் எதிரணியிலும் நின்று வாதாடிய பட்டிமன்றம் ஒன்று உண்டு. அதில் கண்களே வென்றன. நான் தோற்றேன்.

புதுச்சேரியில் பாகூர் கொம்யூனைச் சேர்ந்த எங்கள் ஊர் மாரியம்மனுக்கு ஆடித் திருவிழா. பகலில் கூழ் வார்த்து முடிந்தபின், மாலையில் கோயில் எதிரே போட்ட மேடையில் பட்டிமன்றம் நடந்தது. பிள்ளைகளை ஆளாக்குவதில் பெரும்பங்கு தாயின் பாசத்துக்கா, தந்தையின் கண்டிப்புக்கா என்பது தலைப்பு. எனக்குக் கண்டிப்பு அணி வாய்த்தது. பள்ளி நாளிலிருந்தே மேடைப் பேச்சு பயின்றவள் நான். நான் வாங்கிய கோப்பைகள் டிவி ஸ்டாண்டில் இடம் போதாமல் பீரோவின் தலைக்கு ஏறிவிட்டன. அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது, ஆகையால் நேராகவே சொல்கிறேன்: அன்று மேடையில் இருந்தவர்களில் நன்றாகப் பேசத் தெரிந்தவள் நான்தான்.

“கரை என்பது ஏரிக்குச் சிறையன்று, அந்தக் கரைதான் வெறும் தண்ணீரை ஏரியாக்குகிறது. தந்தையின் கண்டிப்பும் அத்தகையதே!” என்று நான் குரலை உயர்த்திய இடத்தில் கைதட்டல் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. முன்வரிசைப் பெண்கள் முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று விளங்குவதற்குள் என் கன்னம் ஈரமாக இருப்பதை உணர்ந்தேன். இரண்டு கண்களிலிருந்தும் நீர் தாரையாக இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் துயரம் இல்லை. குரல் கணீரென்றே ஒலித்தது. கண்கள் மட்டும் என்னைக் கேளாமல் அழுதன.

காரணம் எனக்குத் தெரியும். நான் கிட்டப்பார்வைக்காரி. கண்ணாடி அணிந்து மேடையேறினால் ஃபோகஸ் விளக்கின் ஒளி இரு வட்டங்களாக அதில் பட்டுத் தெறிக்கும். கேட்பவர்களுக்கு என் கண்களே தெரியாது. கண்ணாடியைக் கழற்றினால் எனக்குக் கூட்டமே தெரியாது. எனவே கல்லூரியில் சேர்ந்ததும் மிருதுவான கான்டாக்ட் லென்ஸ் போடத் தொடங்கினேன். கடைசி வரிசையில் வேர்க்கடலை கொறிப்பவரின் மீசை வரை தெரிந்தது. ஆனால் பேசத் தொடங்கிச் சிறிது நேரத்தில் கண் உறுத்தும், எரியும், பிறகு பொங்கும். அன்று ஆடிக்காற்று வேறு. போதாக்குறைக்கு விழாக் குழுவினர் அன்போடு ஒரு பெரிய மின்விசிறியை என் முகத்துக்கு நேராக வைத்திருந்தார்கள்.

நடுவர் எழுந்தார். “தந்தையின் கண்டிப்பைப் பற்றிப் பேசும்போதே இந்தப் பெண் எப்படிக் கலங்கிப்போனாள், பார்த்தீர்களா? வாய் கண்டிப்பே உயர்வு என்கிறது. கண்ணீர் வேறு கதை சொல்கிறது. எதை நம்புவது? கண்ணீரைத்தான் நம்ப வேண்டும். தாயின் பாசமே!” என்றார். அரங்கம் அதிர்ந்தது. என் வாதத்தை முறியடிக்க எதிரணிக்கு ஆளே தேவைப்படவில்லை.

அதோடு முடியவில்லை. மறுநாள் காலை பால் ஊற்றப் போன அப்பா, வெறும் கேனுடன் திரும்பி வந்து வாசலில் நின்றார். நெல்லும் கரும்பும் பயிரிடுபவர் அவர். கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால்கூட அதன் பின்னால் ‘வாம்மா, வாம்மா’ என்று கெஞ்சிக்கொண்டு நடப்பவர்.

“இன்னாமா, உன்ன நான் எப்ப அடிச்சேன்?” என்று கேட்டார்.

“யாருப்பா அப்பிடிச் சொன்னது?”

“பால் சொசைட்டியில அத்தினி பொம்பளைங்களும் என்னையே பாக்கறாங்க. ஒருத்தி கேட்டே புட்டா, ‘பொண்ண இன்னாத்தால அடிப்ப, பெல்ட்டாலயா?’ன்னு. நான் பெல்ட்டே போடறதில்லியேமா!”

அடுப்படியில் இருந்த அம்மா சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். “மாட்டையே வாங்க போங்கன்னு கூப்புடற மனுசன். இவருகிட்ட அடி வாங்கணும்னா மனு எழுதித்தான் குடுக்கணும்!”

அப்பா சிரிக்கவில்லை. அடுத்த சில வாரங்களுக்குத் தெருவில் என்னோடு நடக்கும்போதெல்லாம் என் பையை வலியப் பிடுங்கித் தாமே சுமந்தார். எதிரே வருபவர்கள் பார்க்க வேண்டுமாம்.

எனக்கோ வேறு ஆத்திரம். தோல்வி எனக்குப் புதிதன்று. சிறந்த வாதத்திடம் தோற்றால் வணங்கிவிட்டு இறங்குவேன். ஆனால் என் சொந்தக் கண்களிடம் தோற்பதா? பொங்கலுக்கு வில்லியனூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் அடுத்த மேடை காத்திருந்தது. அங்கே என் சொல்லைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும். என் கன்னத்தைப் பார்த்து ஒருவரும் சொல்ல வேண்டாம். அதற்குள் இந்தக் கண்களை என் அணிக்குக் கொண்டுவந்தாக வேண்டும்.

கண் மருத்துவமனைக்குப் போனேன். மருத்துவர் சோதித்துவிட்டுக் கண்ணில் குறையில்லை, லென்ஸின் அளவிலும் குறையில்லை என்றார். “பின் ஏன் ஐயா அழுகிறது?” என்று கேட்டேன். அவர் புன்னகையோடு பக்கத்து அறையைக் காட்டினார். “அதைத்தான் அங்கே ஒருத்தர் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்காங்க.”

அந்த அறைக்குள் இருந்தது பள்ளியில் எனக்கு மூத்த வகுப்பில் படித்த அக்கா. கரையாம்புத்தூர்ச் சாலையில் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரி. பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் பெயர் கொடுத்துவிட்டு, முறை வரும்போது கழிப்பறையில் ஒளிந்துகொள்பவள். இப்போது பார்வைச் சோதனைத் துறையான ஆப்டோமெட்ரியில் மேற்படிப்பு. என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்த மலர்ச்சி நட்பினால் மட்டும் வந்ததன்று.

“நீ லென்ஸா போடற? அடிப்பாவி! லென்ஸ் போடற ஆளு கெடைக்காம நான் ஊரெல்லாம் அலையறேன். நம்ம பக்கத்துல கண்ணாடி போட்டாலே கல்யாணம் ஆவாதுன்னு கழட்டி வெச்சுடறாங்க. உக்காரு, உக்காரு!”

உட்கார்ந்தேன். அவள் விளக்கினாள். மிருதுவான லென்ஸ் கருவிழியின்மேல் ஒட்டினாற்போல் அமர்கிறது. இரண்டுக்கும் இடையே சன்னமான ஒரு கண்ணீர்ப் படலம் இருக்கிறது. அந்தக் கண்ணீர் அங்கேயே தேங்கக் கூடாது. பழையது வெளியேற வேண்டும். புதியது உட்புக வேண்டும். ஒவ்வொரு முறை இமை மூடித் திறக்கும்போதும் லென்ஸ் இம்மியளவு அசைந்து அந்த மாற்றத்தைச் செய்கிறது. எவ்வளவு விரைவாக அது நடக்கிறது என்று அளப்பதே அவள் ஆராய்ச்சி.

“கண்ணீர எப்பிடிக்கா அளப்ப? ஆழாக்குலயா?” என்றேன்.

“வாய மூடிக்கினு உக்காந்தீன்னா காட்டறேன்.”

லென்ஸைக் கழற்றச் சொன்னாள். அதன் குழிவில் ஒரு துளி சாயத்தை இட்டாள். லென்ஸுக்குள் ஊறிவிடாத தனிவகைச் சாயம் அது. மீண்டும் கண்ணில் பொருத்தினாள். நீல ஒளி பட்டால் அந்தச் சாயம் பச்சையாக ஒளிரும். புதிய கண்ணீர் உள்ளே வர வர, சாயம் வெளியேறி ஒளி மங்கும். விரைந்து மங்கினால் கண்ணீர் விரைந்து மாறுகிறது என்று பொருள். மங்காமலே நின்றால் தேங்கி நிற்கிறது என்று பொருள். ஒளி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை ஒரு கருவி அளக்கும். கணினித் திரையில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு சரிந்து வரும்.

எவ்வளவு எளிமை, எவ்வளவு அழகு! உள்ளே புகுந்து பார்க்க முடியாத இடத்துக்கு ஓர் ஒளியை அனுப்பிவிட்டு, அது திரும்பி வரும் அழகைக் கொண்டு உள்ளே நடப்பதை அறிவது. இதை வைத்தே ஒரு மணி நேரம் பேசலாம் என்று எனக்குத் தோன்றியது. பேசவும் தொடங்கினேன்.

“தாடைய இதுல வை” என்றாள் அக்கா.

மேடைப் பேச்சாளரை அடக்குவதற்கென்றே யாரோ ஆய்ந்து செய்த பொருள் அந்தத் தாடைத் தாங்கி. தாடையைக் கிண்ணத்தில் வைத்து நெற்றியைப் பட்டையில் அழுத்திவிட்டால் வாயைத் திறக்க வழியில்லை. திறந்தால் தலை எழும்பும், கண் விலகும், அளவு கெடும். கைப்பேசியில் ‘டிக், டிக்’ என்று ஒரு தாளம் ஓட, அதற்கேற்ப நான் இமைத்தேன். சிறிது நேரம் கழித்து, “ஏன்கா, இந்த டிக் டிக்கு…” என்று தொடங்கினேன்.

“பேசாத!”

“கேள்விதானேக்கா கேக்கறேன்…”

“உன் கேள்வியால என் புள்ளி ஒண்ணு மேல ஏறிப்போச்சு, பாரு! மத்தவங்கல்லாம் உக்காந்தா தூங்கிடுவாங்கன்னு பயப்படுவேன். உனக்கு மட்டுந்தான் வாய்க்குத் தனியா ஒரு பட்டை வாங்கணும்.”

முடிவு வந்தது. கோடு ஒழுங்காகச் சரிந்திருந்தது. மிருதுவான லென்ஸில் மாற்றம் எப்போதுமே மெல்லத்தான் நிகழுமாம். அந்த அளவில் என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. அக்கா உதட்டைப் பிதுக்கினாள்.

“உன் கண்ணு நல்லாதான்டி இருக்குது. நீ சும்மா இருக்கற வரைக்கும்.”

“நான் சும்மா இருக்கறதுக்கா லென்ஸு போட்டேன்?”

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். “அப்ப பேசு” என்றாள். “சாயத்தப் போட்டு அனுப்பறேன். வெளிய போயி மேடையில பேசற மாதிரியே பேசு. முடிச்சதும் வந்து உக்காரு, அளக்கலாம்.” தன் வழிகாட்டியிடம் அனுமதியும் என்னிடம் சம்மதமும் வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் வரச் சொன்னாள்.

அந்த நாளை நினைத்தால் இன்றும் எனக்கு உற்சாகம் பொங்குகிறது. கண் மருத்துவமனையின் வராந்தா. கண்ணின் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, மருத்துவர் அழைக்கும் வரை வேலையற்று வரிசையாக அமர்ந்திருக்கும் மனிதர்கள். கைப்பேசியைப் பார்க்க முடியாது, செய்தித்தாள் படிக்க முடியாது, எழுந்து போகவும் முடியாது. இப்படி ஓர் அவையை எந்த விழாக் குழுவாலும் கூட்டித்தர இயலாது. என் முகத்துக்கு நேராக அக்கா ஒரு மின்விசிறியை இழுத்து வந்து வைத்தாள். மேடையில் இருந்தவை எல்லாம் இங்கும் இருக்க வேண்டுமாம்.

“இன்னா தலைப்புல பேசட்டும்?” என்று அவையைக் கேட்டேன்.

முன்னால் இருந்த மணப்பட்டு மீன்கார அம்மாள் உடனே வாயைத் திறந்தாள். “நீ எந்த ஊரு?”

“பாகூர் பக்கம்மா.”

“நெல்லு வெளையற ஊரா? அப்ப சொல்லு. சோறு பெருசா, மீன் கொழம்பு பெருசா?”

வராந்தா குலுங்கிச் சிரித்தது. நான் சோற்றின் கட்சியை எடுத்தேன். நெற்கதிரின் பெருமையிலிருந்து தொடங்கி நிமிர்ந்து நின்று முழங்கினேன். “தாயே! குழம்பு என்பது ஓர் அலங்காரம், சோறோ ஆதாரம். ஆதாரமில்லாத அலங்காரத்தை எதன்மேல் ஊற்றுவீர்கள்?”

“இட்லி மேல ஊத்துவேன்!” என்றாள் அந்த அம்மாள்.

“அந்த இட்லி எதிலிருந்து வந்தது?”

“ஆங்… அத்த விடு. ஏம்மா, நீ இன்னா கண்ணயே மூட மாட்டேங்கற? கூடையில கெடக்கற வஞ்சிரம் மாதிரி முழிச்சிக்கினே பேசறியே, எனக்கு மருந்து ஊத்தின கண்ணுக்கே பயமா இருக்குது!”

மீண்டும் சிரிப்பு. எனக்குச் சுருக்கென்றது, ஆயினும் விடவில்லை. அவள் குறையாகச் சொன்னது என் பயிற்சியின் மகுடம் அல்லவா? பேச்சுப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் கற்றுத்தந்ததே அதுதான்: கடைசி வரிசையில் ஒரு முகத்தைத் தேர்ந்துகொள், அதிலேயே பார்வையை நிறுத்து, இமைக்காதே. இமைத்தால் தயக்கம், தயங்கினால் தோல்வி. ஆண்டுக்கணக்கில் பழகிய உறுதி அது. பேசி முடிக்கும்போது கண்ணீர் வழக்கம்போல் கன்னத்தில் வழிந்தது. மீன்கார அம்மாள் இரக்கப்பட்டு, “சரி, அழுவாதம்மா. சோறுதான் பெருசு” என்று விட்டுக்கொடுத்தாள். கண்ணீரால் கிடைத்த இரண்டாவது தீர்ப்பு.

அறைக்குள் ஓடித் தாடையைக் கிண்ணத்தில் வைத்தேன். அக்கா அளந்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி அளந்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பிக் காட்டினாள். அன்று சரிந்த கோடு இன்று சரியவே இல்லை; மட்டப்பலகை வைத்து இழுத்ததுபோல் கிடந்தது. சாயம் போட்டபோது இருந்த ஒளி ஏறக்குறைய அப்படியே இருந்தது.

“இவ்ளோ தண்ணி ஊத்துச்சேக்கா! எல்லாம் எங்க போச்சு?”

“கன்னத்துல போச்சு. அது லென்ஸுக்கு மேலால ஓடற தண்ணி. உள்ள இருக்கறது இருந்த எடத்துலயே இருக்குது. வாய்க்கா நெறைய தண்ணி போவுது, மதகத் தெறக்கலன்னா வயலுக்கு எப்பிடிப் பாயும்? இமைதான்டி மதகு. நீ பேசறப்ப நான் எண்ணினேன். எண்றதுக்கு வேலையே இல்ல. எப்பவாவது ஒண்ணு, அதுவும் பாதியிலயே நின்னுபோவுது. லென்ஸு காஞ்சி ஒட்டிக்கினு உறுத்துது, உறுத்தறதால கண்ணு பொங்குது.”

“மேடையில கண்ண மூடினா பயந்துட்டான்னு அர்த்தம்கா.”

“நீ பயந்தியோ இல்லியோ, உன் லென்ஸு பயந்து போயி கெட்டியா புடிச்சிக்கினு கெடக்குது. இமைச்சிப் பேசு. மேடையில அந்த ஃபேன உன் மூஞ்சிக்கு வைக்காம திருப்பி வைக்கச் சொல்லு.”

எதிரி யார் என்று தெரிந்துவிட்டது. கண்ணும் அன்று, லென்ஸும் அன்று; என் பெருமைக்குரிய பயிற்சியேதான். நான் வருந்தினேனா? இல்லை. வாதத்தில் எதிரியின் பெயர் தெரிந்துவிட்டால் பாதி வென்றாயிற்று என்பது என் கொள்கை. அன்று பேருந்தில் நின்றுகொண்டே ஊர் திரும்பினேன். கால் வலியே தெரியவில்லை.

ஆனால் இமைப்பது அத்தனை எளிதாயில்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் முழுமையாக இமைப்பது என்று முடிவு செய்து வீட்டில் பழகினேன். கூடத்தில் அம்மா மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா அவையாக அமர முன்வந்தார். என் பேச்சால் பட்டதை என் பேச்சாலேயே தீர்த்துக்கொள்ள விரும்பினார்போலும்.

நான் முழங்கினேன். இமைத்தேன். முழங்கினேன். இமைத்தேன்.

“இன்னாடி இது, சாமி வர்றாப்ல இருக்குது?” என்றாள் அம்மா. “வேப்பெல கொண்டாரட்டுமா?”

“நல்லாதாம்மா இருக்குது” என்றார் அப்பா. அம்மா ஒரு பார்வை பார்த்தாள். “கொஞ்சம் தூக்கக் கலக்கமா இருக்குது. மத்தபடி நல்லா இருக்குது” என்று திருத்திக்கொண்டார்.

அவர்கள் சொன்னது உண்மையே. இமைப்பதை நினைத்தால் சொல் மறந்தது; சொல்லை நினைத்தால் இமை மறந்தது. பேருந்து நிறுத்தத்தில் மனத்துக்குள் ஒத்திகை பார்த்தபடி இமைத்து இமைத்து நின்றபோது, எதிரே நின்ற கல்லூரி மாணவன் ஒருவன் இருபுறமும் திரும்பிப் பார்த்துவிட்டு, அவசரமாகச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். அத்துடன் பொது இடத்தில் ஒத்திகை பார்ப்பதை நிறுத்தினேன்.

வழி பிறந்தது மறுபடியும் அக்காவின் கருவியின் முன்தான். லென்ஸ் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க, “இடப்பக்கம் பாரு… இப்ப வலப்பக்கம்…” என்று சொல்லிக்கொண்டே வந்தவள், திடீரென்று நிறுத்தினாள்.

“இப்ப நீ இமைச்ச.”

“இல்லியே.”

“இமைச்ச. உனக்கே தெரியல. மறுபடியும் அந்தாண்ட பாரு… பாத்தியா, மறுபடியும்! பார்வை எடம் மாறினா இமை தானா வுழுது. நீ ஒரே மூஞ்சியப் புடிச்சிக்கினு தொங்கறதாலதான் அதுக்கு வேலையே இல்லாம போச்சு. கடைசி வரிசைய விட்டுட்டு ஒவ்வொருத்தரா பாத்துப் பேசேன்டி. அவங்களும் மனுசங்கதானே?”

கூச்சத்தினால் மேடைக்கே வராமல் ஒளிந்துகொண்டவள் எனக்குச் சொன்ன இந்த யோசனையை நான் உடனே ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னால் அது என் இயல்பு ஆகாது. பேச்சாளர் அவையைப் பார்ப்பது வேறு, அவையால் பார்வை இழுக்கப்படுவது வேறு என்று அவளோடு வெகுநேரம் வாதாடினேன். அவளோ சாயப் புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வராந்தாவைக் காட்டினாள்.

மீண்டும் அதே வராந்தா, வேறு மனிதர்கள். இம்முறை இடக்கோடியில் இருந்த பெரியவரைப் பார்த்துத் தொடங்கி, நடுவிலிருந்த இளந்தாய்க்கு அடுத்த வாக்கியத்தைச் சொல்லி, வலக்கோடியில் இருந்த போக்குவரத்துக் காவலரிடம் அதை முடித்தேன். ஆண்டுகள் பல பேசியவள் நான். ஆனால் கேட்பவர்களின் முகத்தில் என்னவெல்லாம் நடக்கிறது என்று அன்றுதான் கண்டேன். பெரியவர் என் வாக்கியத்தின் முடிவை எனக்கு முன்பே உதட்டால் சொல்லிப் பார்த்தார். இளந்தாய் மடியிலிருந்த குழந்தையின் காலை என் பேச்சின் தாளத்துக்குத் தட்டினாள். காவலர் ஒப்புக்கொள்ளவே இல்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, தன் முறைக்குக் காத்திருப்பவர்போல் இருந்தார். அந்தப் புருவத்துக்காகவே நான் எழுதி வைத்திராத ஒரு விளக்கத்தை இடையில் சேர்த்தேன். புருவம் தளர்ந்தது! கோப்பை வாங்கும்போதுகூட எனக்கு அந்த இன்பம் கிடைத்ததில்லை. இமைகளை நான் நினைக்கவே இல்லை. அவை தம் வேலையைத் தாமே செய்துகொண்டன.

உள்ளே வந்து தாடையை வைத்தேன். புள்ளிகள் ஒவ்வொன்றாகத் திரையில் விழுந்தன. கோடு சரிந்தது. அமைதியாக உட்கார்ந்திருந்த நாளில் சரிந்ததுபோலவே சரிந்தது. ஒரு சரிவைக் கண்டு நான் கைதட்டினேன். தலை எழும்பிவிட்டது.

“கடைசிப் புள்ளி போச்சு!” என்று கத்திய அக்காவும் சிரித்துக்கொண்டுதான் கத்தினாள்.

பொங்கல் வந்தது. காணும் பொங்கல் மாலை, வில்லியனூர்ப் பக்கத்து ஊரில் களத்துமேட்டை ஒட்டி மேடை. சுற்றிலும் செங்கரும்பு. உழவுக்குப் பெரிதும் துணை நிற்பது அனுபவமா, அறிவியலா என்பது தலைப்பு. யார் எந்த அணி என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். எனக்கு வந்தது அனுபவம். முன்வரிசையில் அம்மா அப்பாவோடு அமர்ந்திருந்த அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“நன்றி கெட்டவளே! என் மெஷின்ல தாடைய வெச்சிட்டு, எதிர்க்கட்சியா பேசப் போற?” என்றாள், நான் மேடை ஏறும்போது.

“சீட்டுல வந்தா நான் இன்னாக்கா பண்ணட்டும்? உனக்கு எதிரா நல்லா பேசறேன், பாரு.”

மின்விசிறியைத் திருப்பி வைக்கச் சொன்னேன். அப்பா, தம்மைக் குறித்து யாரும் ஐயுறக் கூடாது என்று எண்ணியவர்போல், நான் வணக்கம் சொல்லும்போதே பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பேசினேன். இடப்பக்கப் பெண்களிடம் நாற்று நடவைப் பற்றி. நடுவில் இருந்த இளைஞர்களிடம் மழையை முகர்ந்தறியும் மூக்கைப் பற்றி. வலப்பக்கம் துண்டு போர்த்தி அமர்ந்திருந்த உழவர்களிடம் மண்ணைக் கையிலெடுத்து உருட்டிப் பார்ப்பதைப் பற்றி. கண் எரியவில்லை, உறுத்தவில்லை. விளக்கொளியில் ஒவ்வொரு முகமும் துலக்கமாகத் தெரிந்தது. அப்படித் துலங்கியதால்தான் வலப்பக்கத்தில் ஒரு தலை விடாமல் மறுத்து ஆடிக்கொண்டிருப்பதையும் கண்டேன்.

ஓடிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்தினேன். “அங்கே ஓர் ஐயா என்னை ஏற்றுக்கொள்ளவில்லை. ஏன் என்று சொல்லட்டும். நான் காத்திருக்கிறேன்” என்றேன்.

கூட்டம் அவர் பக்கம் திரும்பியது. திருக்கனூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயி அவர். பொங்கலுக்கு மகள் வீட்டுக்கு வந்தவராம். தயங்காமல் எழுந்தார். “மண்ணு டெஸ்ட்டு பண்ணாம, கையில உருட்டிப் பாத்தே உரம் போட்டேன்மா. கரும்பு கட்டையாவே நின்னுபோச்சு. ஏமாந்தேன்!”

“அடுத்த முறை என்ன செய்தீர்கள், ஐயா?”

“டெஸ்ட்டு பண்ணிட்டேன்.”

“செய்யச் சொன்னது யார்? நீங்கள் பட்ட ஏமாற்றம் அல்லவா? அதைத்தான் நாங்கள் அனுபவம் என்கிறோம்!”

கரும்புக் கழிகள் நடுங்கும்படி கைதட்டல் எழுந்தது. எழுந்து நின்றவரும் சிரித்துக்கொண்டே தட்டினார். தட்டிக்கொண்டே தலையை மட்டும் மறுத்து ஆட்டினார்.

நடுவர் தீர்ப்புக்கு எழுந்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் என் கன்னத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் சொன்ன மழை மூக்கை எடுத்துக்கொண்டார், அதை ஏற்றார். மண் உருட்டலை எடுத்தார். எதிரணியின் வாதத்தோடு நிறுத்துப் பார்த்து அதைத் தள்ளினார். “பட்டுத் தெளிவதற்குள் ஒரு சாகுபடிப் பட்டம் போய்விடுகிறதே, மகளே! அந்த ஒரு பட்டத்தைக் காப்பாற்றிக் கொடுப்பது அறிவியல் அல்லவா?” என்று கேட்டு, அறிவியலே என்று தீர்ப்பளித்தார்.

தோற்றேன். அவ்வளவு நேர்மையாக, அவ்வளவு முறையாக நான் தோற்கடிக்கப்பட்டதை நினைத்து எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. ஒவ்வொரு சொல்லும் எடுத்து எடைபோடப்பட்டிருந்தது. மேடையிலிருந்து இறங்கி நேராக நடுவரிடம் சென்று, அந்தக் கேள்விக்கு மறுமொழி தயார் செய்துகொண்டு அடுத்த ஆண்டு வருவேன் என்று சொன்னேன். “வா, வா. நானும் இன்னொன்னு வெச்சிருக்கேன்” என்றார் அவர்.

வெளியே அப்பா ஒரு கரும்பை எனக்காக முறித்துக்கொண்டிருந்தார். அம்மா, “தோத்துட்டு இன்னாடி இந்தச் சிரிப்பு சிரிக்கற?” என்றாள். “அறிவியல் ஜெயிச்சிது, பாத்தியா?” என்று அக்கா என் தோளில் குத்தினாள். அதற்குள் அந்தத் திருக்கனூர்க்காரர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“ஏம்மா, நீ சொன்னதுல ஒண்ண மட்டும் என்னால ஒத்துக்கவே முடியல.”

“எத ஒத்துக்க முடியல? சொல்லுங்க!” என்றேன்.

அவர் சொல்லத் தொடங்கினார். நான் மறுத்தேன். அப்பா கரும்பைக் கையில் பிடித்தபடியே என் பக்கம் சேர்ந்துகொண்டார். அக்கா திருக்கனூர்க்காரர் பக்கம் போனாள். பாகூர்ப் பேருந்து வந்து நின்று, ஒலியெழுப்பி, எங்களை விட்டுவிட்டுப் போனது. வாதாடிக்கொண்டிருந்த எங்கள் நால்வரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.